கூடுதல் சம்பளம் 2,500... கூட்டிக் கழித்தால் எவ்வளவு?

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். கறவையில் ஒரு கலப்பினப் பசு, சினையில் ஒன்று. வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். இவர்களுக்கு நடுவில் 34 வயது இளைஞர் ஒருவர். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் உள்ள சிறிய நூற்பாலையில் ஃபிட்டர் வேலை பார்க்கிறார். நிலம் சாப்பாட்டுக்கும் பாதிச் செலவுக்கும் ஆகிறது. மீதியை ஆலைச் சம்பளம் பார்த்துக்கொள்கிறது. ஒரு காலை வயலிலும் ஒரு காலை ஆலையிலும் வைத்து ஓடுகிற குடும்பங்கள் இன்று அந்தப் பக்கம் ஏராளம்.

2024 தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். மனைவியின் அண்ணன் வந்திருந்தார். "மாப்ள, பெருந்துறை சிப்காட்டுல எங்க கம்பெனியில ஃபிட்டர் எடுக்கறாங்க. 22,000 சம்பளம். நான் சொல்லி வெச்சிருக்கறேன். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க" என்றார்.

அப்போது ஆலையில் மொத்தச் சம்பளம் 19,500 ரூபாய். 2,500 கூடுதல் என்றதும் வீடே மலர்ந்துவிட்டது. மகளை நல்ல பள்ளிக்கு மாற்றலாம் என்றார் மனைவி. பெரிய கம்பெனி என்றால் ஊரில் ஒரு மரியாதை என்று அம்மா நினைத்தார். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் மாட்டுக்குத் தட்டு அள்ளிப் போட எழுந்து போனார்.

இளைஞருக்கு ஆசை இருந்ததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. 2023-ல் பஞ்சு விலையும் மின் கட்டணமும் நெருக்கியதால் தமிழ்நாட்டில் சிறிய நூற்பாலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன. அவர் ஆலையிலும் சில வாரங்கள் ஒரு ஷிஃப்ட்டை நிறுத்தினார்கள். இது எத்தனை நாளைக்கு ஓடும் என்ற பயம் அன்றிலிருந்தே மனதில் இருந்தது.

அன்று இரவு மனைவி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்கு எழுதினார். வாரா வாரம் பால் சொசைட்டிக் கணக்கு எழுதிப் பழகிய கை.

முதலில் கைக்கு வரும் பணம். ஆலையில் அடிப்படைச் சம்பளம் 12,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் பி.எஃப். பிடித்தம். மொத்தச் சம்பளத்தில் முக்கால் சதவீதம், 147 ரூபாய் ஈ.எஸ்.ஐ. போக கையில் 17,913. புதிய கம்பெனியில் அடிப்படைச் சம்பளம் 13,000. பி.எஃப். 1,560 போனால் கையில் 20,440. வித்தியாசம் 2,527 ரூபாய். கம்பெனி வேன் மெயின் ரோட்டுக்கு வருகிறது, அதற்கு மாதம் 600 பிடித்தம். மிச்சம் 1,927.

அடுத்து நேரம். ஆலைக்குக் காலை 7.40-க்குக் கிளம்பினால் போதும், மாலை 4.50-க்கு வீட்டில் இருப்பார். புதிய வேலைக்குக் காலை 6.45-க்கு வேன் ஏற வேண்டும். திரும்ப இரவு 7.15 ஆகிவிடும். தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக வீட்டை விட்டு இருக்க வேண்டும். மூன்று மணி என்றே வைத்தாலும் 26 நாளைக்கு 78 மணி நேரம். 1,927-ஐ 78-ஆல் வகுத்தால், மணிக்கு 25 ரூபாய்கூட வரவில்லை.

அந்த மூன்று மணி நேரம் சும்மா கிடந்த நேரமும் அல்ல. மாலையில் பால் கறப்பது மனைவி. ஆனால் கோ-4 தீவனப்புல் அறுத்து வருவதும், மடை திருப்புவதும், மருந்து அடிப்பதும் அவர். அப்பாவுக்கு மூட்டுவலி, புல்லுக்கட்டுத் தூக்க முடியாது. அந்தப் பருவம் நிலத்தில் கடலை போட்டிருந்தார்கள். 45-ம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் ஊசி இறங்கிய செடியைக் கிளற வேண்டிவரும், காய் போய்விடும். வாய்க்கால் தண்ணீரும் நம் விடுமுறை நாள் பார்த்து வராது. வாரம் ஒரு நாள் ஆள் வைத்தாலும் 500 ரூபாய், மாதம் 2,000. மனைவி கழித்துப் பார்த்தார். கணக்கு 73 ரூபாய் குறைந்து நின்றது.

"ஆளும் சொன்ன நாளைக்கு வருவாங்களா மாமா?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. இன்றைக்கு நட்டம் என்றாலும் இரண்டு வருடத்தில் அங்கே சம்பளம் ஏறும், ஆலையை நம்பி எத்தனை நாள் இருப்பது? இந்த யோசனையிலேயே மறுநாள் ஆலையில் சம்பளக் கணக்கு எழுதும் பெரியவரிடம் ஜாடையாகக் கேட்டார். அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு இரண்டு கேள்வி கேட்டார்.

"தம்பி, அம்மாவுக்கு ஸ்டென்ட் வெச்சது எதுல?"

இளைஞருக்குச் சுருக்கென்றது. முந்தைய வருடம் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஈ.எஸ்.ஐ. பரிந்துரையில்தான் கோவையில் ஸ்டென்ட் வைத்தார்கள். கைக்காசு போக வரத்தான் செலவானது. மாதா மாதம் மாத்திரையும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான். தொழிலாளிக்கு மட்டுமல்ல, மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அந்த அட்டையில் வைத்தியம் உண்டு. ஆனால் 2017 முதல் அதற்குச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். 22,000 சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதிலும் இடம் இல்லை. புதிய கம்பெனியில் காப்பீடு உண்டா என்று மச்சானிடம் போனில் கேட்டார். தொழிலாளிக்கும் மனைவி, குழந்தைக்கும் உண்டு, பெற்றோருக்கு இல்லை என்றார்.

"சேர்ந்து எத்தனை வருசமாச்சு?" என்பது பெரியவரின் இரண்டாவது கேள்வி.

2019 அக்டோபரில் சேர்ந்தவர். நான்கு வருடம் மூன்று மாதம். ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். 12,000 ரூபாய்க்கு ஐந்து வருடக் கணக்கு 34,615 ரூபாய். ஒன்பது மாதம் பொறுக்காமல் போனால் அதைக் கேட்க வழியில்லாமல் போகலாம்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "ஆலை நிக்குமா நிக்காதான்னு எங்கிட்டக் கேக்காத. உன் பி.எஃப். பாஸ்புக்கைப் பாரு. மாசா மாசம் பணம் கட்டியிருக்குதான்னு பாரு. கட்டாம நிறுத்துனாங்கன்னா அப்ப யோசி."

வீட்டுக்கு வந்து போனில் உமாங் செயலியைத் திறந்து பார்த்தார். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் பழைய தவறும் நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, பி.எஃப். பணத்தையும் பென்ஷன் பங்கையும் மொத்தமாக எடுத்து பைக் வாங்கினார். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருடச் சர்வீஸ் வேண்டும். எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றியிருந்தால் அந்த மூன்று வருடமும் சேர்ந்திருக்கும். பைக்கும் இப்போது இல்லை.

ஞாயிறு இரவு சாப்பிடும்போது அம்மாதான் பேச்செடுத்தார். "என்ற மாத்திரைக்காக நீ நிக்காத கண்ணு. எனக்கு என்ன, இன்னி எத்தன நாளைக்கு?" என்றார்.

மனைவிதான் பதில் சொன்னார். "உங்க மாத்திரைக்காக இல்லீங்கத்தை. கணக்கே சரியா வரலீங்க." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது மகளின் பள்ளியை நினைத்துத்தான் என்பது கணவருக்கும் தெரியும். அன்று அந்த வீட்டில் யாருக்கும் முழுச் சந்தோஷம் இல்லை.

திங்கட்கிழமை மச்சானுக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்றார். மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சித்திரை நோன்பு வரை சரியாகப் பேசவில்லை.

அதோடு இளைஞர் நிறுத்தவில்லை. வெளியே தன் வேலைக்கு என்ன சம்பளம் என்று இப்போது தெரிந்துவிட்டதே. ஆலை மேலாளரைப் பார்த்து, "எனக்கு 22,000-க்குக் கூப்பிடறாங்கங்க. நான் போகலீங்க. ஆனா பாத்துச் செய்யோணுங்க" என்று நேராகக் கேட்டார். ஒரு மாதம் இழுத்து, 900 ரூபாய் ஏற்றிக் கொடுத்தார்கள். 20,400. வரம்புக்குள்தான் இருக்கிறது.

அந்தப் பெருந்துறை வேலைக்கு ஆலையில் உடன் வேலை பார்த்த தம்பி ஒருவர் போனார். அவருக்கு நிலம் இல்லை, மாடு இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. சேர்ந்து நன்றாகவே இருக்கிறார். மணிக்கு 25 ரூபாய் என்ற கணக்கு அவருக்குப் பொருந்தாது. வேனில் தூங்கிக்கொண்டே போய்விடுகிறார். ஒரே வேலை, ஒரே சம்பளம். ஒருவர் போனதும் சரி, ஒருவர் நின்றதும் சரி.

நின்றவருக்கும் கவலை தீர்ந்துவிடவில்லை. இன்னும் ஒரு சம்பள உயர்வு வந்தால் 21,000-ஐத் தாண்டும். இருக்கிற வேலையில் இடையில் தாண்டினால், ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இருக்கும் அந்தச் சந்தாக் காலம் முடியும்வரை ஈ.எஸ்.ஐ. தொடரும். அதற்குப் பிறகு கிடையாது. அதனால் கூடுதலாக வந்த 900-உடன் 100 சேர்த்து, மாதம் 1,000 ரூபாய் தபால் ஆபீஸில் ஆர்.டி. கட்டி வருகிறார்கள். பாஸ்புக் அட்டையில் மனைவி 'அத்தை மருந்து' என்று எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டில் பிள்ளைகள் வேலை மாறுவதாகச் சொன்னால், சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல் இவற்றையும் கேளுங்கள். பிடித்தம் போகக் கையில் எவ்வளவு? போக வர எத்தனை மணி நேரம்? அந்த நேரத்தில் வயல், மாட்டு வேலையை யார் பார்ப்பது, கூலி எவ்வளவு? ஈ.எஸ்.ஐ. தொடருமா, இல்லையென்றால் பெற்றோருக்கும் சேர்த்துக் காப்பீடு உண்டா? ஐந்து வருடத்துக்கு இன்னும் எத்தனை மாதம்? வரம்புகளும் விதிகளும் மாறக்கூடியவை. சேரும் முன் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். அலுவலகங்களில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாறுவது என்று முடிவானால், பி.எஃப். பணத்தை எடுக்காமல் பழைய யு.ஏ.என். எண்ணையே புதிய கம்பெனியில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தையில் போட்ட கடலைக்கு 45-ம் நாள் புதன்கிழமையாக வந்தது. மாலை ஐந்து மணிக்கு ஆலையிலிருந்து வந்து, அன்றும் மறுநாளும் இருட்டும்வரை மனைவியோடு சேர்ந்து ஜிப்சம் போட்டு மண் அணைத்து முடித்தார். ஆள் கூப்பிடவில்லை.