வலி வந்த ராத்திரியில் பல்லாங்குழி

மூத்தவளைப் பெற்றபோது, முதல் வலி எடுத்ததுமே பதறிப்போய் ராத்திரி முழுக்கக் கண் விழித்தேன். பயத்தில் சாப்பாடும் இறங்கவில்லை. மறுநாள், முக்க வேண்டிய நேரத்தில் உடம்பில் தெம்பே இல்லை!

இரண்டாவது பிரசவத்தில் அம்மா உஷாராகிவிட்டாள். இடுப்பில் சுருக்கென்றதும் சீரகக் கஷாயம் கொடுத்தாள். "பொய்வலின்னா அடங்கிடும், நிஜ வலின்னா விடாது. அதுக்குள்ள ஏண்டி பதறுறே?"

வலி விடவில்லை. ஆனால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம்தான் வந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டேன். வெந்நீரில் குளித்தேன். கூடத்தில் நடந்தேன். பிறகு அம்மாவோடு பல்லாங்குழி! வலி வந்தால் சோழியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக மூச்சு விடுவேன். போனதும் ஆட்டம் தொடரும். நடுவில் ஒருக்களித்துப் படுத்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன்.

இரண்டாவது பிள்ளை சீக்கிரம் வந்துவிடும் என்பதால், வலி நெருங்க ஆரம்பித்ததுமே புறப்பட்டோம். இந்தத் தடவை கடைசி நேரத்துக்குத் தெம்பு மிச்சமிருந்தது.

ஆரம்ப வலிக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் சகோதரிகளே, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரம் முடியுமுன் வலி எடுத்தாலோ, ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்!