கஞ்சிலின் கீச்சொலி

அதிகாலையில் முடுக்கியதும் எனது பழைய கஞ்சில் மகிழுந்து கீச்சென்று அலறும். விளக்கைப் போட்டால் ஓசை இன்னும் கூடும். ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும் என்றார் பட்டறைக்காரர். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் மூவர் என்னோடுதான் பள்ளிக்கு வருகிறார்கள். வண்டி நின்றால் அவர்கள் படிப்பும் நிற்கும்.

பெரோடுவா நிறுவனம் 1994 முதல் 2009 வரை தயாரித்த வண்டி இது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது ஓர் இரப்பர் வார்ப்பட்டை. தளர்ந்தால் அது வழுக்கிக் கீச்சிடும். விளக்கு எரியும்போது சுமை ஏறுவதால் வழுக்கலும் மிகும். ஓடும் வார்ப்பட்டையில் எட்ட நின்று சிறிது நீர் தெளித்தேன், ஓசை பெருகியது. ஐயமில்லை, தளர்வேதான்!

இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டுப் பார்த்தேன். வார்ப்பட்டையில் வெடிப்பில்லை. திருகாணியைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை வெளிப்புறமாக நெம்பி, மீண்டும் முடுக்கினேன். (மிகையாக இறுக்கினால் உருளைகள் தேயும், அன்பர்களே.) மறுநாள் காலை, வண்டி வந்ததே தெரியாமல் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள்.