தொட்டிலும் பிரஜாவுரிமையும்

இலண்டனிற் பேரப்பிள்ளை பிறந்த செய்தி வந்ததும், "பிறந்தவுடனேயே பிரித்தானியப் பிரஜையாகிவிட்டான்" என்று நம்மூர்ப் பாட்டன்மார் பெருமை பேசுவதுண்டு. கனடாவிற் பிறந்திருப்பின் அது பெரும்பாலும் உண்மை. பிரித்தானியாவில் 1983 ஜனவரி முதலாந் திகதியுடன் அந்த வழக்கம் ஒழிந்தது. பெற்றோரில் ஒருவரேனும் அந்நாட்டுப் பிரஜையாகவோ நிரந்தர வதிவுரிமை பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். மாணவராகவும் தொழிலாளராகவும் தற்காலிக விசாவிற் சென்ற தம்பதியரின் சிசுவுக்கு, பிறந்த மண் மாத்திரம் போதாது. பின்னர் பெற்றோர் வதிவுரிமை பெறின், பதினெட்டு வயதுக்குள் பிள்ளையைப் பிரஜையாகப் பதியலாம். பிறந்தது முதற் பத்தாண்டு அங்கேயே வளர்ந்தாலும் அவ்வுரிமை உண்டு. அதுவரை?

அதுவரை உள்ளது பெற்றோர் வழி வரும் இலங்கைப் பிரஜாவுரிமையே. அந்த வழியும் நெடுங்காலம் ஒருபக்கமாகவே இருந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம், மணவாழ்விற் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் உரிமையை மாத்திரமே நோக்கியது; சுமந்து பெற்றவளை நோக்கவில்லை. தந்தை பிரஜையல்லர் என்ற ஒரே காரணத்தால், தோட்ட லயங்களிற் பிறந்த எத்தனை மலையகக் குழந்தைகள் பிறந்த நாட்டிலேயே நாடற்றவராயினர்! தாய்வழியும் செல்லும் என்ற திருத்தம் 2003 இலேதான் வந்தது.

வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்கு இவ்வுரிமை தானாக வந்து சேர்வதுமில்லை. ஓராண்டுக்குள் அங்குள்ள நமது உயர்ஸ்தானிகராலயத்திலோ, கொழும்பிலுள்ள உரிய அலுவலகத்திலோ பிறப்பைப் பதிதல் வேண்டும். நட்சத்திரத்துக்கேற்ற பெயர் தேடியே மாதங்களைப் போக்கும் நம்மவர்க்கு ஓராண்டு விரைவில் ஓடிவிடும். தவணை கடந்தால், தக்க காரணங் காட்டி அமைச்சரின் அனுமதியைப் பெறல் வேண்டும். அது கிடைக்கும்வரை குழந்தைக்கு இலங்கைக் கடவுச்சீட்டும் இல்லை.