வீசீடிக்குள் இருக்கிற அம்மப்பா

“பழைய வீசீடி எண்டால் படம் அப்பிடித்தான் இருக்கும்.” இப்படிச் சொல்லியே எங்கட வீடுகளில் எத்தனையோ கலியாண வீசீடிகளை எறிந்துவிட்டார்கள். அந்த வசனம் பாதிதான் உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் இது.

எனக்கு இதில் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. சித்தியின்ர கலியாணம் 2004இல் நடந்தது. ஏ9 பாதை திறந்து இரண்டு வருசம். கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் சொந்தக்காரர் வந்து நிறைந்த கலியாணம். அடுத்த வருசம் அம்மப்பா செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன். அவரின் போட்டோக்கள் இருக்கு. ஆனால் அவர் நடக்கிறதும், பந்தியில் நின்று “அவருக்கு இன்னும் கொஞ்சம் போடு” எண்டு கை காட்டுறதும் அந்த மூன்று வீசீடிகளில் மட்டும்தான் கிடக்கு.

போன வருசம் போட்டுப் பார்த்தோம். முதலில் நிறமே இல்லை. பிறகு முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. பிறகு படம் அப்படியே நின்றுவிட்டது. “பிளேயர் முடிஞ்சுது, விடு” என்றார் அப்பா. எனக்கு விட மனமில்லை. இவை மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று பட்டது.

நிறம் போனதுக்கும் பிளேயருக்கும் சம்பந்தமே இல்லை. இப்போதைய ரீவிகள் பலவற்றில் மஞ்சள் வயரைப் பச்சை ஓட்டையில்தான் செருக வேண்டும். செருகிவிட்டு, ரீவியில் ‘ஏவி’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். ‘கொம்பொனன்ட்’ என்று கிடந்தால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். பழைய ரீவி என்றால் பிளேயரின் ரிமோட்டில் பால், என்டிஎஸ்சி என்று மாற்றிப் பாருங்கோ. இலங்கையில் பாவிக்கிறது பால்.

கட்டம் கட்டமாக உடைகிறது வேறு கதை. கணினிக் கோப்புகளைப் பதிகிற சீடியில், பிழை திருத்துவதற்கென்றே ஒவ்வொரு துண்டிலும் கொஞ்ச இடம் ஒதுக்கி வைப்பார்கள். வீசீடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால் கீறலோ கைரேகையோ உடனே திரையில் தெரியும். சவர்க்காரத் தண்ணியில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கோ. வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் விழுந்தால் பதிவு ஓடுகிற பாதையோடேயே போய் நீளத்துக்குத் தரவை அழிக்கும். பெயர் எழுதுற பக்கத்தையும் கவனியுங்கோ. கீழ்ப்பக்கத்தில் 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் காவல் இருக்கு. மேல்பக்கத்தில் மெல்லிய பூச்சு மட்டும்தான்.

எந்தச் சீடியைப் போட்டாலும் நின்றால் லென்சைப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்து, கொட்டன் பட்ஸில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் கொஞ்சம் தொட்டு, அழுத்தாமல் துடைத்தேன். இருபது வருசத் தூசி வந்தது. கடையில் வாங்கின படச் சீடி ஓடி, கலியாணச் சீடி மட்டும் ஓடாவிட்டால் வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கோ. எழுதின சீடியில் இருக்கிறது சாயம். 780 நனோமீற்றர் லேசருக்குத்தான் அது சரியாகப் பதில் சொல்லும். டீவீடிக்கான 650 நனோமீற்றர் லேசர் மட்டும் இருந்த ஆரம்பகாலப் பிளேயர்கள் அவற்றை வாசிக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் படம் மங்கலாகத்தான் இருந்தது. அது பழுது இல்லை. 1993இல் வீசீடிக்கு வகுத்த அளவே பால் முறையில் 352×288 புள்ளிகள்தான். அதைச் சுவர் அளவு ரீவியில் இழுத்துப் பெரிசாக்கினால் முகம் கரையத்தான் செய்யும். பழைய பெட்டி ரீவியில் அதே படம் கண்ணுக்கு இதமாக இருந்தது.

ஆனால் சாயம் காத்திருக்காது. வெயிலும் புழுக்கமும் அதைத் தின்னும். அதனால் உடனே கணினியில் போட்டு, ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறைக்குள் இருக்கிற பெரிய ‘டாட்’ கோப்புகளைப் பிரதி எடுத்தேன். வீஎல்சியில் அப்படியே ஓடுது. இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு சீடிகளும் முழுசாக வந்தன. பந்தி இரண்டாவதில் இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தா. மூன்றாவதின் ஓரத்தில் வெள்ளிப் படலம் உரிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. வீசீடி நடுவில் தொடங்கி ஓரத்தில் முடிகிறபடியால், போனது கடைசிப் பகுதி. பொம்பிளை மாப்பிளையை அனுப்பி வைக்கிற இடம். அதில் அம்மப்பா அழுதவராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உங்கட வீட்டு அலுமாரியிலும் ஒன்றிரண்டு கிடக்கும். இந்தக் கிழமையே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ.