ரொட்டி உண்டா, அம்மா யார்? தாஷ்கண்டில் உஸ்பெக் பாலபாடம்

தாஷ்கண்டின் பழைய நகரில், நீலக் குவிமாடத்தின் கீழ் பரந்து கிடக்கிறது சோர்சு சந்தை. அங்கே போகும் இந்தியருக்கு இரண்டு வழிகள். ருஷ்ய மொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் சமாளித்துவிடலாம், கடைக்காரர்களுக்குப் புரியும். இல்லையென்றால் உஸ்பெக்கில் தடுமாற வேண்டும். தடுமாறுவதே மேல். அதிலும் தமிழ் தெரிந்தவர் என்றால் அந்தத் தடுமாற்றம் அதிக நாள் நீடிக்காது.

முதல் பாடம் வயிற்றுக்கானது. "நான் பார்மி?" இங்கே நான் என்பது ரொட்டி, நம் ஓட்டல்களில் கிடைக்கும் அதே நான். பார் என்றால் உண்டு. கடைசியில் ஒட்டும் மி, நம்முடைய கேள்வி ஆகாரம். ஆக, ரொட்டி உண்டா? பதிலும் ஒற்றைச் சொல்தான்: பார் அல்லது யோக், உண்டு அல்லது இல்லை. ஆங்கிலேயர் வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது நாம் ரொட்டியோடு நகர்ந்துவிடலாம்.

இரண்டாவது, "யக்ஷிமிசிஸ்?" யக்ஷி நலம், மி கேள்வி, சிஸ் நீங்கள். மூன்றாவது, "மென் சாய் இச்சமன்." நான் சாய் குடிக்கிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. நம் வினையின் வாலில் 'ஏன்' வருகிற இடத்தில் அவர்களுக்கு 'மன்'. எந்த ஊர் என்று கேட்டால் "மென் ஹிந்திஸ்தான்தன்மன்." இந்தியா, இருந்து, நான் என்று மூன்றும் ஒரே சொல்லில் கோத்துக்கொண்டு வருகின்றன. 'உய்' என்றால் வீடு. உய்லார், வீடுகள். உய்லாரிமிஸ்தன், எங்கள் வீடுகளிலிருந்து. 'எங்கள்' மட்டும் முன்னால் நிற்காமல் நடுவில் புகுந்துகொள்கிறது. மற்றபடி விகுதி மேல் விகுதி அடுக்கும் நம் பழக்கம்தான்.

உஸ்பெக் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழ் திராவிடம். ஒத்திருப்பது கட்டமைப்பு மட்டுமே. இதைப் பிடித்துக்கொண்டு லெமூரியா வரை போய்விடக் கூடியவர்கள் நம்மிடையே உண்டு. வேண்டாம்.

சொற்களில் சில பாரசீகம், அரபு வழியாக இரு பக்கமும் வந்து சேர்ந்தவை. தராசு அங்கே தராஸி, தயார் அங்கே தையார், மைதானம் மைதான். ஆனால் சவால் என்றால் அங்கே வெறும் கேள்வி. நம் கோர்ட்டுகளின் 'ஆஜர்' ஹாஸிர் ஆகி, 'இப்போது' என்று பொருள் தருகிறது. பலகையில் ஓகாரம் போலத் தெரியும் எழுத்து வாயில் கிட்டத்தட்ட ஆகாரமாக வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தாஷ் என்றால் கல், கென்ட் என்றால் ஊர், தாஷ்கண்ட், கல்லூர்.

உண்மையான கண்ணிவெடிகள் உறவுமுறையில்தான். அகா என்றால் அண்ணன். அம்மா என்றால் அப்பாவின் சகோதரி, அதாவது நம் அத்தை. ரொட்டி விற்கும் பெண்மணியைப் பாசத்தோடு "அம்மா" என்று அழைத்தால் அவர் தம்பி, அண்ணன் பிள்ளைகளை நினைத்துக்கொள்வார். "ஆபா" என்றால் அக்கா, அதுதான் பொருத்தம். விலை கேட்கும்போதும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 1994ல் வந்த சோம் நாணயத்தில் எல்லாம் ஆயிரக் கணக்கு. "யெத்தி மிங்" என்பது எட்டாயிரம் அல்ல, ஏழாயிரம்.

இத்தனை சிரமம் எதற்கு? சோவியத் காலத்தில் மேல்படிப்புக்கும் பதவிக்கும் வழி ருஷ்ய மொழிதான். உஸ்பெக் ஆட்சிமொழி ஆனது 1989ல். இத்தனைக்கும் அலிஷேர் நவாயி என்ற கவிஞர், பாரசீகத்துக்குத் துருக்கிய மொழி சளைத்ததல்ல என்று 1499லேயே நூல் எழுதி வாதாடியவர். அந்தப் பழைய சகதாய் மொழியில்தான், அந்திஜானில் பிறந்த நம் பாபரும் தன் வரலாற்றை எழுதினார்.

எழுத்தின் கதை இன்னும் வேதனை. அரபு எழுத்து 1920களின் இறுதியில் போய் லத்தீன் வந்தது. 1940ல் ருஷ்யர்களின் சிரில்லிக் வந்தது. 1993ல் மறுபடி லத்தீனுக்குச் சட்டம். இன்றும் இரண்டும் புழங்குகின்றன. தாத்தா எழுதிவைத்த கடிதத்தைப் பேரன் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வீடுகள் உண்டு. கொள்ளுத் தாத்தாவின் கையெழுத்தோ அவர்கள் இருவருக்குமே புரியாது. இப்படி மூன்று முறை எழுத்தை மாற்றியும் வாயில் தங்கிய மொழி இது. வெளியூர்க்காரர் இரண்டு வாக்கியம் பேசினால் முகங்கள் மலர்வதில் வியப்பில்லை. (சமர்கந்திலும் புகாராவிலும் பலருக்கு வீட்டுமொழி தாஜிக். அங்கே நம் உஸ்பெக்குக்குப் பதில் வேறு மொழியில் வந்தால் திகைக்கக் கூடாது.)

வீட்டுக்கு அழைக்கப்பட்டால் இலக்கணம் குறைவு, நடைமுறை அதிகம். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. "கோக் சாய்" என்றால் பச்சைத் தேநீர். கோக் என்ற சொல்லே நீலத்துக்கும் பச்சைக்கும் பொது. முதலில் கோப்பையில் ஊற்றிக் கெண்டிக்கே திருப்பி ஊற்றுவார்கள், மூன்று முறை. பிறகு பியாலாவில் கொஞ்சமாகத்தான் வரும். கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம். குறைவாக ஊற்றுவதே மரியாதை, அடிக்கடி ஊற்றலாம் அல்லவா? விளிம்பு வரை நிரப்பினால்தான் யோசிக்க வேண்டும். "ரஹ்மத்" என்று நன்றி சொல்லி, எல்லோரோடும் சேர்ந்து இரு கைகளாலும் முகத்தை வருடி "ஆமின்" என்றபின் எழுந்துகொள்ளலாம்.