வல்லிசையும் மெல்லொலியும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய மலர்க்குழுவினர், தமிழாசிரியராகிய யாம் இலக்கணமோ இலக்கியமோ பற்றி எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். யாமோ மின்கிற்றாருக்கு ஒலிபெருக்கி வாங்கிய வரலாற்றை எழுதத் துணிந்தோம். நகையாதீர், அன்பர்காள்! இருபது ஆண்டுகளுக்கு மேலாக வல்லினம், மெல்லினம் கற்பித்து வரும் யாம், வன்மை இன்னதென உணர்ந்தது அவ்வொலிபெருக்கியினாலேயே.

எம் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த காலை, கனடாவிலிருந்து வந்த அவனுடைய தாய்மாமன் மின்கிற்றார் ஒன்றைப் பரிசளித்துச் சென்றார். மகன் விரும்பியது ஹெவி மெற்றல் எனப்படும் வல்லிசை. ஒலிபெருக்கி இன்றேல் மின்கிற்றார் ஏறக்குறைய ஊமை. ஆதலால் தெரிந்த இசைக்குழுவினரிடம் நூறு வாற்றுப் பெட்டியொன்றை இரவல் வாங்கினோம். ஒரு மாலைப்பொழுதில் மகன் தடித்த தந்தியை ஓங்கி மீட்டினான். யன்னற் கண்ணாடிகள் அதிர்ந்தன. சிறிது நேரத்தில் எம் அன்னையாரைக் காணவில்லை.

வளவின் பின்புறத்தே, முருங்கை மரத்தடியில், இரு செவிகளையும் பொத்தியவாறு குந்தியிருந்தார். எம்மைக் கண்டதும், “தம்பி, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு கெதியா வா” என்றார். முன்னாளில் எம் பதுங்குகுழி இருந்த இடம் அது.

எம்மோடு பயின்ற அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றதும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், 1995 இல் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்ததும் யாவரும் அறிந்தனவே. பேரொலி என்றால் குழிக்குள் இறங்கு என்பதே அக்கால இலக்கணம். யாம் அதனை மறந்துவிட்டோம், அன்னையார் மறந்திலர்.

அன்றிரவே பெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். கிற்றாரையும் எடுத்து வைத்துவிடுமாறு மகனுக்குச் சொன்னோம். அவன் எதிர்வார்த்தை பேசாமல் அதனைப் போர்வையாற் சுற்றி அலுமாரியின் மேல் வைத்தான். சினந்து பேசியிருப்பின் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

சில வாரங்கள் கழித்து, இரவுணவின்போது அவன் கூறினான்: “அப்பா, இந்த இசையைத் தொடக்கின ஆளும் காயப்பட்டவர்தான்.” இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்தவரான ரொனி அயோமி, 1965 இல், தம் பதினேழாம் வயதில், தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கை வாசிப்பாளர். தந்தியை அழுத்தும் கை அது. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரற்கவசம் செய்து, மெல்லிய தந்திகளை மாட்டி மீண்டும் வாசித்தார். பின்னர்த் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் அக்கனத்த ஒலியே வல்லிசைக்கு வழிகாட்டியாயிற்று.

அன்றுதான் யாம் மாணவராகி இத்துறையைக் கற்கத் தொடங்கினோம். முதலிற் கற்றது வாற்றின் கணக்கு. வாற்று பத்து மடங்கானால், ஒலி காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகவே தோன்றும். எனவே நூறு வாற்றுப் பெட்டிக்குப் பதிலாகப் பத்து வாற்றுப் பெட்டி வாங்கினால் இரைச்சல் பாதியாகுமேயன்றிப் பத்திலொன்றாகாது. வீட்டுக்கு ஒரு வாற்றும் மிகையே.

அடுத்தது கரகரப்பின் பிறப்பு. பழைய வால்வுப் பெட்டிகளிற் பெரும்பாலானவை உச்ச அளவிற்குத் திருகினாலேயே அவ்வொலி முழுமையாகப் பிறக்கும். இக்காலப் பெட்டிகளிலோ கரகரப்புக்கு ஒரு திருகியும் ஓசையின் அளவுக்கு வேறொரு திருகியும் உள. முன்னதை ஏற்றிப் பின்னதைத் தாழ்த்தலாம்.

இவ்வறிவோடு மகனையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்குச் சென்றோம். கடைக்காரர் மூன்று பெட்டிகளைக் காட்டினார். முதலாவது, உள்ளங்கையளவானது, மூன்று வாற்று. மலிவுதான்; ஆயினும் தாழ்ந்த தந்தி ஒலிக்கையில் தகரப்பேணியில் வண்டு சிக்கியது போலிருந்தது. இரண்டாவது, மேசைமீது வைப்பது, இனிய ஒலி, விலையோ எம் சம்பளத்துக்கு எட்டாதது. மூன்றாவது, பொஸ் நிறுவனத்தின் கட்டானா. ஐம்பது வாற்றாயினும் அரை வாற்றுக்குக் குறைக்கும் ஆளி அதில் உண்டு. பன்னிரண்டு அங்குல ஒலிக்கூம்பும் ஹெட்போன் மாட்டும் துளையும் உள. “எல்லாப் பெட்டியையும் மிகக் குறைந்த ஒலியில் வாசித்துக் காட்டு” என்று மகனிடம் கூறினோம். அரை வாற்றிலும் தாழ்ந்த சுருதி தன் கனத்தை இழவாதது மூன்றாவதே. அதனையே வாங்கினோம்.

வீட்டிலும் சில பாடங்கள் கற்றோம். ஒலி குறையக் குறைய எம் செவி தாழ்ந்த சுருதிகளை மேலும் குறைவாகவே கேட்கும். பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இதனை 1933 இல் அளந்து காட்டினர். ஆதலின் மெதுவாக வாசிக்கையில் ‘பேஸ்’ திருகியைச் சிறிது கூட்டவேண்டும். கரகரப்பைச் சிறிது குறைக்கவேண்டும். பெட்டியை நிலத்தில் வையாது, கதிரையின்மேல், செவிக்கு நேராக வைத்தல் நன்று.

நன்னூலார் வல்லினம் பிறக்கும் இடம் மார்பு என்றார். வல்லெழுத்தை மெதுவாக உச்சரித்தாலும் அது மெல்லெழுத்து ஆகிவிடாது. வன்மை பிறப்பிலே உள்ளது, உரப்பிலே இல்லை. மகனுடைய இசையும் அத்தகையதே. வகுப்பில் உரத்துக் கத்தும் ஆசிரியரின் பாடம் ஏன் பதிவதில்லை என்பதும் அப்போது எமக்கு விளங்கிற்று.

ஆயினும் முதன்முறை அதனை இயக்குமுன் எம் நெஞ்சு படபடத்தது. மகன் யாம் சொல்லாமலே அன்னையாரிடம் சென்று, “அப்பம்மா, வாசிக்கப் போறன்” என்றான். “வாசி ராசா” என்றார். பெட்டி செய்யாத பாதி வேலையை அவ்வொரு சொல் செய்தது. அவரை நடுக்கியது சொல்லாமல் வரும் சத்தம் என்பது எமக்குத் தோன்றவில்லை, பிள்ளைக்குத் தோன்றிற்று. இன்றும் கேட்டபின்னரே தொடங்குகின்றான். அவர் “இண்டைக்கு வேண்டாம்” என்னும் நாளில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான்.

சென்ற வாரம் அவன் தனி வகுப்புக்குச் சென்று திரும்பத் தாமதமாயிற்று. விளக்கேற்றிவிட்டு விறாந்தையில் அமர்ந்திருந்த அன்னையார் எம்மை அழைத்துக் கேட்டார்:

“என்ன தம்பி, இண்டைக்கு அவன்ரை சத்தத்தைக் காணேல்லை?”