மாசி மகத்துக்குப் படகிலேயே பங்கோர் போய் வந்தோம்

"டயாலிசிஸ் செய்ற ஆளை நடுக்கடலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே, பயமா இல்லையா?" என்று கோயில்ல நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. சேவை நேரத்துல நின்னு பதில் சொல்ல முடியல. அதனால இங்கேயே எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

எங்க படகு பெரிய ஆடம்பரப் படகு இல்லை. 24 அடி ஃபைபர் படகு, பழசு. எனக்கு 50 வயசானப்போ இபிஎஃப் பணத்துல கொஞ்சம் எடுத்து வாங்கினது. சின்ன கேபின் ஒண்ணு, ரெண்டு பேர் காலை மடக்கிப் படுக்கலாம். பின்னால 60 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின். "வீட்டுக்கு கூரை ஒழுகுது, உனக்குப் படகா" என்று என் அண்ணன் கேட்டார். கூரையையும் அதே வருஷம் மாத்திட்டோம், அது வேற கதை.

படகு வாங்கினதுல இருந்து வருஷா வருஷம் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவுல நானும் வீட்டுக்காரியும் கரை ஓரமாவே தெற்கே போவோம். ஏன் அந்த மாசம்னு சிலருக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவக்காத்து வீசும்போது கிழக்குக் கரை, அதாவது கிளந்தான், திரங்கானு பக்கம் அலை பெருசா இருக்கும். நம்ம மலாக்கா நீரிணைப் பக்கம் அப்போ அமைதி. ஏப்ரல் மே ஆயிட்டா சுமத்ரா பக்கத்துல இருந்து விடியற்காலையில கருமேகமா ஒரு காத்து கிளம்பி வரும். ஒரு மணி நேரம்தான் அடிக்கும், ஆனா அந்த ஒரு மணி நேரத்துல எங்க மாதிரி சின்னப் படகு என்ன ஆகும்னு சொல்ல முடியாது. மார்ச் முடிஞ்சா படகைக் கரையேத்திடுவேன்.

முந்தி பத்து நாள் லீவு போட்டுப் போவோம். அமான் தீவுல ஒரு ராத்திரி, கோல செப்பத்தாங் ஆத்துக்குள்ள ரெண்டு ராத்திரி, அப்புறம் பங்கோர். செப்பத்தாங்குக்குப் பழைய பேரு போர்ட் வெல்ட். மலாயாவோட முதல் ரயில் 1885ல தைப்பிங்குல இருந்து அங்கதான் ஓடிச்சு. இப்போ தண்டவாளம் இல்லை, கரி மூட்டம் போடுற சூளைங்க இருக்கு. மாத்தாங் சதுப்பு நிலக் காடு சுமார் 40,000 ஹெக்டர். மரத்தை வெட்டுறாங்க, திரும்ப நடுறாங்க, 30 வருஷம் கழிச்சுத்தான் அந்த இடத்தை மறுபடி முழுசா வெட்டுறாங்க. நான் 30 வருஷமா ஃபேக்டரியில வேலை செய்றேன், அந்த மாதிரி ஒரு திட்டத்தை எந்த மேனேஜரும் போட்டு நான் பார்த்தது இல்லை.

மூணு வருஷத்துக்கு முன்னால அவளுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. சக்கரை வியாதிதான். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பத்து நாள் பயணம் அதோட முடிஞ்சது. மகன் படகை வித்துடலாம்னு சொன்னான், வாங்க ஆளும் கொண்டாந்துட்டான். பிள்ளை நல்லதுக்குத்தான் சொன்னான். இவ சமையல்கட்டுல இருந்தே சொன்னா: "வாரத்துல மூணு நாள் மெசினுக்குக் குடுத்தாச்சு. மீதி நாலு நாள் என்னுது. அதை யாரும் விக்க வேணாம்." வந்த ஆள் டீ குடிச்சிட்டுப் போயிட்டார்.

இந்த வருஷம் மாசி மகம் சனிக்கிழமையில வந்தது. வெள்ளிக்கிழமை காலையில டயாலிசிஸ் முடிச்சா அடுத்தது திங்கள். நடுவுல ரெண்டு நாள். புக்கிட் தம்புன்ல இருந்து பங்கோர் சுமார் 65 கடல் மைல், எங்க எஞ்சினுக்கு அஞ்சரை, ஆறு மணி நேரம். சனி போய் ஞாயிறு திரும்பலாம்னு கணக்கு போட்டோம்.

கணக்குன்னா சும்மா இல்லை. டாக்டர்கிட்ட கேட்டோம். அவர் உடனே சரின்னு சொல்லல, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் சொன்னார். சித்தியவான்ல ஒரு ரத்த சுத்திகரிப்பு மையத்துக்கிட்ட முன்கூட்டியே பேசி, கடல் சரியில்லாம மாட்டிக்கிட்டா திங்கட்கிழமை அங்க இடம் கிடைக்கும்படி செஞ்சோம். இது பல பேருக்குத் தெரியல, அதனால சொல்றேன்: டயாலிசிஸ் செய்றவங்களும் வெளியூர் போகலாம். போற ஊர் மையத்துல முன்னாடியே பதிவு செஞ்சு, ஹெப்பாட்டைட்டிஸ், எச்ஐவி சோதனை ரிப்போர்ட்டையும் டாக்டர் கடிதத்தையும் கொடுக்கணும். இங்க நம்ம மையத்து தாதிங்களே எழுதி உதவி செய்வாங்க. மருமகன் காரை எடுத்துக்கிட்டு லுமுட்டுக்கு வந்து காத்திருந்தார். "மாமா, நான் இருக்கேன்னு நினைச்சு அலையில போகாதீங்க" என்றார். நல்ல பிள்ளை.

விடிஞ்சும் விடியாம கிளம்பினோம். ரெண்டாவது பாலத்துக்கு அடியில போகும்போது மேல லோரி போற சத்தம் மட்டும் கேட்டது. பாலத்தைத் தாண்டினதும் ஸ்டியரிங்கை அவகிட்ட குடுத்துட்டேன். முந்தியெல்லாம் நங்கூரம் போடுறது அவ வேலை, ஓட்டுறது நான். இப்போ இடது கையில ஊசி குத்துறதுக்காக ரத்தக் குழாயைச் சேர்த்து ஆபரேஷன் செஞ்சிருக்காங்க, அந்தக் கையால கனமானதைத் தூக்கக்கூடாது. அதனால வேலையை மாத்திக்கிட்டோம். உண்மையைச் சொன்னா என்னைவிட அவ நேரா ஓட்டுறா.

கோல குராவ், கோல கூலா பக்கம் கரையை ஒட்டிப் போக முடியாது. சேறு, தண்ணி வத்தினா வெகுதூரம் வெறும் தரை. கெராங் வளர்க்கிற இடமும், வலை கட்டின கம்புகளும் இருக்கும். மூணு நாலு மைல் தள்ளிப் போகணும். அங்கதான் டால்பின் வந்துச்சு. வெள்ளையும் ரோசும் கலந்த நிறம், முதுகுல சின்னத் திமிலு. நாலோ அஞ்சோ. அவ எஞ்சினைக் குறைச்சிட்டு ஒண்ணும் பேசாம பார்த்துக்கிட்டு இருந்தா.

கஷ்டம் வெயில்தான். ஒரு நாளைக்கு அவளுக்கு 500 மில்லி தண்ணிதான் கணக்கு, சூப்பு, டீ எல்லாம் சேர்த்து. போத்தல்ல மார்க்கர் பேனாவால கோடு போட்டு வெச்சிருப்பா, இந்தக் கோடு பத்து மணிக்கு, இந்தக் கோடு மதியத்துக்குன்னு. சுத்தி எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணி, கையில அந்த ஒரு போத்தல். ஐஸ் கட்டியை வாயில போட்டுக்குவா, வாயைக் கொப்பளிச்சுத் துப்புவா. அவ எதிர்ல குடிக்க எனக்கு மனசு வரல, அடக்கிக்கிட்டு இருந்தேன். பார்த்துட்டா. "ஏங்க, நீங்க மயக்கம் போட்டு விழுந்தா உங்களை யாரு தூக்குறது? நான் ஒரு கைக்காரி. குடிங்க." குடிச்சேன்.

பங்கோர்ல பத்திரகாளியம்மன் கோயில் திருவிழாவைப் பத்தி நான் சொல்ல வேணாம், போனவங்களுக்குத் தெரியும், போகாதவங்க ஒரு தடவை போய்ப் பாருங்க. கூட்டத்துல அவளை நாற்காலியில உட்கார வெச்சிட்டாங்க. அங்கிருந்த தொண்டர் தம்பி ஒருத்தர் அன்போட இளநீர் வெட்டிக் குடுத்தார். இளநீர்ல பொட்டாசியம் அதிகம், இவங்களுக்கு அது ஆகாது, இதயத்தையே நிறுத்திடும். அவ வேணாம்னு சொல்லல. வாங்கி, கண்ணுல ஒத்திக்கிட்டு, பக்கத்துல அழுதுக்கிட்டு இருந்த ஒரு சின்னப் பிள்ளைக்குக் குடுத்தா. நம்ம கோயில்லயும் வயசானவங்களுக்கு இளநீர், வாழைப்பழம் குடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக் குடுத்தா நல்லா இருக்கும்னு அப்போ தோணிச்சு.

ராத்திரி ஓட்டல் எடுக்கலாம்னு சொன்னேன். படகுலதான் படுப்பேன்னு சொல்லிட்டா. தெரிஞ்ச சீனத் தவுக்கே ஒருத்தரோட மீன் ஜெட்டியில கட்ட இடம் குடுத்தார். பௌர்ணமி நாள்ல ஏத்தமும் வத்தும் பெருசு, ரெண்டு மீட்டருக்கு மேல தண்ணி இறங்கும். கயிறை இறுக்கிக் கட்டினா படகு ஜெட்டியில தொங்கிடும். அதனால ரெண்டு மணிக்கு எழுந்து கயிறைத் தளர்த்தப் போனேன். அவ தூங்கல. வலது கையை இடது கை மேல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஆபரேஷன் செஞ்ச இடத்துல ரத்தம் ஓடுற அதிர்வு இருக்கான்னு தினமும் தொட்டுப் பார்க்கணும், அது நின்னுட்டா உடனே ஆஸ்பத்திரி. "இங்க தொட்டுப் பாருங்க" என்றா. விரலை வெச்சேன். கிர்ர்ருன்னு ஓடிக்கிட்டு இருந்தது. "நம்ம எஞ்சின் ஐடிலிங்ல இருக்கிற மாதிரி இல்ல?" எனக்குப் பேச்சு வரல. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு, அப்புறம் கயிறைப் போய்ப் பார்த்தேன்.

திரும்பும்போது ஒண்ணும் நடக்கல. செப்பத்தாங் முகத்துவாரத்துக்கு எதிர்ல லேசா எதிர்க்காத்து, அவ்வளவுதான். மருமகன் வெறும் காரோட திரும்பி வந்தார், பாவம், ரெண்டு பொட்டலம் கருவாடு மட்டும் வாங்கிக்கிட்டு. அதுல உப்பு, அவளுக்கு ஆகாது. நான் தின்னுக்கிட்டு இருக்கேன்.

திங்கட்கிழமை மையத்துல எடை பார்த்தாங்க. 2 கிலோவுக்கு மேல ஏறக்கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. 1.8 தான். தாதி ரெண்டாவது தடவை ஏத்தி நிறுத்திப் பார்த்தாங்க, அப்பவும் 1.8. சாதாரணமா வீட்டுல இருக்கிற சனி, ஞாயிறுல இதைவிட அதிகமா ஏறும்.

மார்ச் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை அமான் தீவு வரைக்குமாவது போகணும்னு சொல்றா. ஏத்த வத்த அட்டவணையை எடுத்து, ஒரு சனிக்கிழமையில பேனாவால வட்டம் போட்டு வெச்சிருக்கா. நான் எஞ்சின் ஆயில் மாத்தணும்.